மே மாதப் பனியாற்றில் ஸ்கை ஏற்றம்: கயிறு பையில் இருந்தால் போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நீங்கள் மூன்று பேர். ரிசார்ட்டில் மிகக் கடினமான கறுப்புத் தடம் வரை தயங்காமல் இறங்குவீர்கள். மே மாதத்தில், பனியாறு மூடிய சுமார் 3,300 மீட்டர் எரிமலை ஒன்றில், ஸ்கையின் அடியில், பின்னால் வழுக்காமல் பிடிக்கும் ஸ்கின் பட்டை ஒட்டிக்கொண்டு ஏறி, உச்சியிலிருந்து சறுக்கி இறங்க ஆசை. பனிச்சரிவு அறிக்கை அபாயம் குறைவு என்கிறது. பனி இறுகியிருக்கும், பனியாற்றின் பிளவுகள் பனியால் மூடியிருக்கும், கயிறும் பையில் இருக்கிறது, அப்புறம் வழிகாட்டி எதற்கு என்று கேட்கிறீர்கள். எழுத்தில் இருப்பது வழிகாட்டியைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, வசந்தகாலம் என்பதே ஒரு பாதுகாப்பா என்பதைத்தான். பாதி ஆமாம். எந்தப் பாதி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பனியாற்று மலைகளுக்குப் பல வருடங்களாக ஆட்களை அழைத்துப்போகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மலையை இந்த வாரம் நான் பார்க்கவில்லை. அதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நன்றாகத் தெரிந்த பாதி, மேற்பரப்புப் பனி. குளிர்காலத்தில் பனிக்குள்ளே பலவீனமான அடுக்குகள் ஒளிந்திருக்கும். எது எப்போது உடையும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். வசந்தத்தில் பகல் உருகல், இரவு உறைதல் என்று வாரக்கணக்கில் நடந்தால் நீர் கீழே வடிந்து, பனி மொத்தமும் 0 டிகிரிக்கு வந்து, அடுக்குகளின் வித்தியாசம் மங்கிவிடும். அதன்பின் அதன் நடத்தையைக் கடிகாரத்தை வைத்தே பெருமளவு சொல்லிவிடலாம். விடியலில் கல்லாக இறுகியிருக்கும். வெயில் பட்டதும் மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இளகிக் குருணையாகும். கார்ன் ஸ்னோ என்று எல்லோரும் தேடிப்போவது அதைத்தான். ஒரு சாய்வில் அது நீடிப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அதற்குப் பிறகு அதே இடம் முழங்கால் வரை இறங்கும் கூழாகிவிடும். ஈரப் பனிச்சரிவுகள் கிளம்புவது அப்போதுதான்.

இதில் பலர் தவறவிடுவது இரவு உறைதலை. வானிலைச் செயலியில் இரவு வெப்பநிலை மைனஸில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். பனி தன் வெப்பத்தை நேராக வானத்துக்குக் கதிர்வீச்சாக விடுகிறது. அதனால் வானம் தெளிவாகவும் காற்று உலர்ந்தும் இருந்தால், காற்றின் வெப்பநிலை 0 டிகிரிக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருந்தாலும் பனி நன்றாக உறையும். மேகம் மூடிய இரவில், அதைவிடக் குளிராக இருந்தாலும், மேலே ஒரு மெல்லிய ஓடு மட்டும் கட்டும். அடியில் எல்லாம் ஈரம். எனவே வெப்பநிலையைப் பார்ப்பதற்கு முன் மேகத்தைப் பாருங்கள்.

கிளம்பும் நேரத்தில் செய்யவேண்டிய சோதனை ரொம்ப எளிது. கூடாரத்தை விட்டு வெளியே வந்து, ஸ்கை மாட்டாமல், பூட்ஸோடு பத்தடி நடங்கள். அடிப்பாகத்தின் வரிகள் மட்டும் பதிந்தால் உறைதல் பலமானது. ஓடு உடைந்து கால் கணுக்கால் வரை போனால், உள்ளே இரவு முழுக்க ஈரமாகவே இருந்திருக்கிறது. இன்றைய நாள் தொடங்கும்போதே பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதிகாலை மூன்று மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், இத்தனை தூரம் வந்துவிட்டு அப்படி முடிவெடுப்பது கஷ்டம். அதனால் "ஓடு உடைந்தால் உச்சி இல்லை" என்று முந்தின மாலையே மூவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரத்தைக் கணக்குப் போட சுவிஸ் வழிகாட்டி வெர்னர் முன்டரின் பெயரில் ஒரு முறை உண்டு. கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி, ஏற்றத்தில் 100 மீட்டருக்கு ஒரு புள்ளி. மொத்தத்தை நான்கால் வகுத்தால் ஏறும் நேரம் மணியில் வரும். 8 கிலோமீட்டர் தூரம், 1,600 மீட்டர் ஏற்றம் என்றால் 24 புள்ளி, ஆறு மணி நேரம். சறுக்கி இறங்குவதற்கு நான்குக்குப் பதில் பத்தால் வகுப்பார்கள். இடையில் நிற்பது, ஸ்கின் சரிசெய்வது, கயிறு கட்டுவது எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஒரு மணி நேரம் கூட்டுங்கள். உச்சிக்குக் கீழுள்ள சாய்வு காலை பத்து மணிக்கு இளகும் என்றால் மூன்று மணிக்குக் கிளம்பியாக வேண்டும். வட அரைக்கோளத்தில் கிழக்கு முகம் முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. மே மாதத்தில் சூரியன் வடகிழக்கில் உதிப்பதால் வடகிழக்கு முகத்திலும் காலையிலேயே வெயில் அடிக்கும் என்பதைக் குளிர்காலப் பழக்கத்தில் வருபவர்கள் மறந்துவிடுகிறார்கள். பனி உருண்டைகள் தானாகச் சுருண்டு உருளத் தொடங்கினால், ஸ்கையோடு நிற்கும்போதே கால் புதைந்தால், நேரம் கடந்துவிட்டது. அப்போது உச்சி நூறு மீட்டரில் இருந்தாலும் திரும்புவதுதான் சரி.

இங்கே ஒரு விதிவிலக்கு. மேயிலும் புதுப்பனி விழும். பழைய வழுக்குப் பரப்பின்மேல் 20, 30 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்து, மறுநாள் வானம் திறந்து முதல் வெயில் படும் அந்தச் சில மணி நேரம், சீசனின் மோசமான நேரங்களில் ஒன்று. "வசந்தப் பனி நிலையானது" என்ற வாக்கியம் அன்றைக்குச் செல்லாது.

நீங்கள் பார்த்த பனிச்சரிவு அறிக்கைக்கு வருவோம். முதலில் அதன் தேதியைப் பாருங்கள். வட அமெரிக்காவில் பல பனிச்சரிவு மையங்கள் ஏப்ரல் மத்தியிலிருந்து மே தொடக்கத்துக்குள் தினசரி அறிக்கையை நிறுத்திவிடும். அதன் பிறகு தளத்தில் இருப்பது பொதுவான வசந்தகாலக் குறிப்பாகவோ பழைய அறிக்கையாகவோ இருக்கலாம். ஆல்ப்ஸில் வசந்தத்தில் 1 (குறைவு) முதல் 5 வரை போகும் அபாய அளவில், காலைக்கு ஓர் அளவு, பிற்பகலுக்கு ஓர் அளவு என்று இரண்டாகக் கொடுப்பதுண்டு. காலை 1 என்பதைப் பார்த்துவிட்டு பிற்பகல் 3 என்பதை விட்டுவிடக் கூடாது. இதெல்லாம் போக, அந்த அறிக்கை பனிச்சரிவைப் பற்றியது. பனிப்பிளவைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. அபாயம் 1 என்று எழுதியிருக்கும் நாளிலும் உங்கள் காலடியில் பிளவை மூடியிருக்கும் பனிப்பாலம் எவ்வளவு தடிமன் என்பது அதில் இருக்காது.

சந்தேகமான பாதி அந்தப் பனிப்பாலம்தான். நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த பனி ஏப்ரல், மே மாதங்களில்தான் பிளவுகளின்மேல் அதிகத் தடிமனாக இருக்கும். ஆகஸ்டில் வாய் பிளந்து கிடக்கும் இடத்தை மே மாதத்தில் ஒன்றும் தெரியாமல் கடந்துவிடலாம். ஸ்கை எடையைப் பரப்பிக் கொடுப்பது இன்னொரு அனுகூலம். ஒரு ஸ்கையின் பரப்பு பூட்ஸ் அடியைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆனால் "மூடியிருக்கிறது" என்பதும் "தாங்கும்" என்பதும் வேறு வேறு. பாலத்தின் மேற்பக்கம் மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். காற்று பனியை ஓரத்திலிருந்து நீட்டி நீட்டிக் கட்டிய பாலம் அடியில் வெறும் குடையாக இருக்கலாம். காற்று அரித்துக்கொண்டே இருக்கும் முகட்டில் மே மாதத்திலும் அரை மீட்டர்தான் இருக்கலாம். எத்தனை அனுபவம் இருந்தாலும் மேலிருந்து பார்த்துத் தடிமனைச் சொல்லிவிட முடியாது. என்னாலும் முடியாது.

எங்கே பிளவுகள் அதிகம் என்பதைச் சொல்லலாம். பனியாறு சமதளத்திலிருந்து செங்குத்தாக வளையும் இடத்தில் பனிக்கட்டி இழுபட்டுக் குறுக்கே கிழியும். ஓரங்களில், நடுப்பகுதி வேகமாகவும் கரை மெதுவாகவும் நகர்வதால், சாய்கோணத்தில் கிழியும். உச்சிச் சாய்வின் அடியில், நகராத பனியிலிருந்து நகரும் பனியாறு பிரியும் இடத்தில் பெர்க்‌ஷ்ருண்ட் என்ற பெரிய பிளவு இருக்கும். குழிந்த, தட்டையான நடுப்பகுதிகள் ஒப்பீட்டளவில் நல்லவை. இது பொது விதி; பாறை அடியில் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து எங்கு வேண்டுமானாலும் மாறும். பழைய வரைபடத்தையும், யாரோ மூன்று வருடத்துக்கு முன் ஏற்றிவைத்த ஜிபிஎஸ் தடத்தையும் அப்படியே நம்பாதீர்கள். சுவிஸ் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே வருடங்களில் தங்கள் பனி அளவில் சுமார் 10 சதவீதத்தை இழந்தன. பனியாறு மெலிந்தால் பிளவுகளும் இடம் மாறும்.

கண்ணுக்குக் கிடைக்கும் ஒரே தடயம், பனியின் மேல் தெரியும் தொய்வு. மூடிய பிளவு பெரும்பாலும் நீளமான, ஆழமில்லாத பள்ளமாக, பழைய கயிற்றுக் கட்டிலின் நடுப்பகுதி போல லேசாக அமுங்கியிருக்கும். காலைச் சாய்வெளிச்சத்தில் அதன் ஒரு விளிம்பில் விரல் கனத்துக்கு நிழல் விழும். சிலசமயம் சுற்றியுள்ள பனியைவிட அந்தக் கோடு கொஞ்சம் மங்கலாகவோ கூடுதல் வெள்ளையாகவோ இருக்கும். அதே கோட்டை இரு பக்கமும் கண்ணால் நீட்டிப் பார்த்தால், தூரத்தில் எங்காவது ஒரு கறுப்பு வாய் திறந்திருப்பது தெரியும். அங்கே ப்ரோப் கம்பியை இறக்குங்கள். சீரான எதிர்ப்போடு இறங்குகிற கம்பி திடீரென்று கை வழுக்கினாற்போலப் போனால், கீழே வெற்றிடம். கடக்கத்தான் வேண்டும் என்றால் கோட்டுக்குச் செங்குத்தாக, ஒருவர் பின் ஒருவராக, நிற்காமல். கோட்டுக்கு இணையாக மூன்று பேரும் வரிசையாகப் போனால் மூவரும் ஒரே பாலத்தின்மேல் நிற்கிறீர்கள். நண்பகல் வெளிச்சத்திலும் மேகமூட்டத்திலும் இந்தத் தொய்வு சுத்தமாகத் தெரியாது. சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. ஓய்வுக்கு நிற்கும்போது ஸ்கையைக் கழற்றிவிட்டுப் புகைப்படம் எடுக்கவும் ஒதுங்கவும் நாலடி தள்ளிப்போகும் பழக்கம் ரிசார்ட்டிலிருந்து வருபவர்களிடம் அதிகம். பனியாற்றில் ப்ரோப் போட்டுப் பார்த்த வட்டத்துக்கு வெளியே ஸ்கை இல்லாமல் ஓரடிகூட வைக்கக் கூடாது.

சரி, கயிறு. பையில் இருக்கும் கயிறு யாரையும் தடுக்காது. ஏறும்போது, பாலங்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அல்லது பார்வை தெளிவில்லை என்றால் கட்டிக்கொண்டே போக வேண்டும். மூன்று பேர் என்றால் ஆளுக்கு ஆள் 10 முதல் 12 மீட்டர் இடைவெளி, கயிறு தொய்வில்லாமல். கயிறு கட்டும் இடுப்புப் பட்டையான ஹார்னஸ், பிளவில் விழுந்தவர் மேலே ஏற உதவும் புருசிக் கயிறுகள், காரபினர் என்ற பூட்டு வளையங்கள், பனிக்கட்டியில் முறுக்கி இறக்கும் ஓர் ஐஸ் ஸ்க்ரூ எல்லாம் பனியாற்றில் கால் வைப்பதற்கு முன்பே மூவர் உடம்பிலும் இருக்க வேண்டும். இறங்கும்போது கதை வேறு. கயிற்றில் கட்டிக்கொண்டு சறுக்குவது, பழகியவர்களுக்கே தொல்லை. நன்றாக மூடிய, காலையில் பார்த்து ஏறிய தடத்தில் பெரும்பாலோர் அவிழ்த்துவிட்டு இடைவெளி விட்டு இறங்குகிறார்கள். அப்போது கயிறு யாரிடம் இருக்கிறது? முன்னால் போகிறவர் பையில் இருந்து, அவரே விழுந்தால், கயிறும் அவரோடு கீழே போய்விடும். கயிறு வைத்திருப்பவர் கடைசியில் வர வேண்டும். இரண்டு மெல்லிய 30 மீட்டர் கயிறுகளை இரண்டு பைகளில் பிரித்து வைப்பது இன்னும் நல்லது.

கயிறு கட்டியிருந்தாலே பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். பாலங்கள் உறுதியாக இருக்கும் அதிகாலையில்தான் மேற்பரப்பு கல் போல இருக்கும். அந்தப் பரப்பில் ஒருவர் விழுந்தால் மற்ற இருவரும் ஸ்கையோடு நின்று தடுப்பது மிகக் கடினம். மென்மையான பனியில் கயிறு விளிம்பை அறுத்து இறங்கும்போது உராய்வே பாதி எடையைப் பிடித்துக்கொள்ளும்; உறைந்த பனியில் அந்த உதவி குறைவு. 35 டிகிரி உறைந்த சாய்வில், நங்கூரம் எதுவும் போடாமல் மூவரும் ஒரே கயிற்றில் இருந்தால், ஒருவர் வழுக்கினால் மூவரும் போவீர்கள். பிளவு அபாயம் பெரிதா, வழுக்கி விழும் அபாயம் பெரிதா என்று ஒவ்வோர் இடத்திலும் எடைபோட்டுக் கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் பனியாற்று வேலையின் மையம். அதற்குச் சூத்திரம் கிடையாது. அனுபவமுள்ளவர்களுக்குள்ளேயே ஒரே இடத்தில் கருத்து மாறும்.

எரிமலைகளின் உச்சிச் சாய்வு பெரும்பாலும் இந்த வகைதான். ஸ்கையில் மாட்டும் பல்முனைப் பிடிப்பான ஸ்கை கிராம்பான் ஓரளவு உயரம் வரை ஏற்றிவிடும். அது பிடிக்கவில்லை என்று தோன்றும் முன்பே, நிற்கத் தோதான இடத்திலேயே, ஸ்கையைப் பையில் கட்டி, பூட்ஸில் மாட்டும் கிராம்பானும் ஐஸ் ஆக்ஸும் எடுங்கள். சாய்வின் நடுவே மாற்றுவது சர்க்கஸ் வேலை. கூடவே, எரிமலையில் ஆவித் துளைகள் இருந்தால் விலகியே செல்லுங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் பேக்கரில் ஷெர்மன் பள்ளத்தில் இருப்பது போன்ற துளைகள் சுற்றியுள்ள பனியை அடியிலிருந்து உருக்கிக் குடைந்துவிடும். துளையருகே கந்தக வாயுவும் சேர்ந்திருக்கும்.

வானிலை பற்றிச் சுருக்கமாக. பிரான்சின் ஷாமனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை போகும் ஹோட் ரூட் என்ற ஸ்கை பாதையில், 2018 ஏப்ரல் கடைசியில், 14 பேர் பின்யே தெ அரோல்லா அருகே புயலில் சிக்கி இரவு முழுக்கத் திறந்தவெளியில் இருந்தார்கள். வினியெட் குடில் சில நூறு மீட்டரில்தான் இருந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது குளிரும் காற்றும். வானிலை கெடும் என்பது முன்னறிவிப்பில் இருந்தது. வெண்மூட்டத்தில் தரை எது வானம் எது என்று தெரியாது. போனில் தடத்தைப் பதிவிறக்கி வைப்பதோடு, குளிரில் சாகாத மாற்று பேட்டரியும், திசைகாட்டியோடு முன்கூட்டியே எழுதிவைத்த திசைக் கோணங்களும் வேண்டும். மேகம் இறங்குவதைப் பார்த்தவுடன் திரும்புவது அதைவிட மலிவு.

பனியில் புதைந்தவரைச் சிக்னலால் கண்டுபிடிக்கும் பீக்கான், ஷவல், ப்ரோப் மூன்றும் ஆளுக்கு ஒன்று என்பதில் பேச்சே இல்லை. புதைந்தவர் 15, 18 நிமிடம் வரை பெரும்பாலும் பிழைப்பார் என்று முன்பு சொல்வார்கள். சமீபத்திய சுவிஸ் தரவுகள் அதைப் பத்து நிமிடத்துக்குக் குறைத்துவிட்டன. அதாவது காப்பாற்றப்போவது நீங்கள் மூவரேதான், ஹெலிகாப்டர் அல்ல. போனைப் பீக்கானை ஒட்டிய பையில் வைக்காதீர்கள், சிக்னல் குழம்பும். வெயில் கண்ணாடி, சன்ஸ்கிரீன் விஷயத்தில் ஒன்றே ஒன்று: பனிக்குருடு உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்து இரவில்தான் கண்ணில் மணல் கொட்டியதுபோல எரியும். அதனால் மேகமூட்டத்திலும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

வழிகாட்டி வேண்டுமா? உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு விவரத்தைப் பொறுத்தது அது. மூவரில் யாராவது, பனியில் குழி வெட்டி ஸ்கையை நங்கூரமாகப் புதைத்து, அதிலிருந்து ஓர் ஆளின் முழு எடையை மேலே இழுத்திருக்கிறீர்களா? வீடியோவில் மூன்று நிமிடத்தில் முடிகிற வேலை அது. நிஜத்தில் கயிறு விளிம்பில் ஆழமாகப் புதைந்திருக்கும், கை விறைத்திருக்கும், கீழே இருப்பவர் கத்துவது பாதிதான் கேட்கும். இரண்டு பேராவது இதைத் தூக்கத்தில் எழுப்பினாலும் செய்யும் அளவுக்குப் பழகியிருந்தால், தெளிவான வானிலையில், பலர் போகிற வழியில், நீங்களே போவதை நான் தடுக்க மாட்டேன். இல்லையென்றால் இந்த மே மாதம் தனியாக வேண்டாம். பனிப்பிளவு மீட்புக்கென்று இரண்டு நாள் பயிற்சிகள் மலை ஊர்களில் நடக்கின்றன, முதலில் அது. அப்புறம் முதல் பனியாற்றுப் பயணத்துக்கு ஐஎஃப்எம்ஜிஏ (மலை வழிகாட்டிகளின் சர்வதேசக் கூட்டமைப்பு) சான்றுள்ள வழிகாட்டியை எடுங்கள். எடுத்தால் அவர் பின்னால் சும்மா நடக்காமல், எங்கே கட்டுகிறார், எங்கே அவிழ்க்கிறார், ஏன் என்று கேட்டுக்கொண்டே போங்கள். நல்ல வழிகாட்டி சலித்துக்கொள்ள மாட்டார்.

இந்த மே வீணாக வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. இரண்டு அபாயங்களையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. பனியாற்றைத் தொடாத வழியுள்ள ஒரு பெரிய மலையை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் மாநிலத்திலேயே உள்ள 3,743 மீட்டர் மவுண்ட் ஆடம்ஸில் பனியாறுகள் இருந்தாலும், தெற்கு வழியில் பெரும்பாலோர் கயிறில்லாமல்தான் ஏறி இறங்குகிறார்கள். அப்படிப்பட்ட வழியில் அதே மூன்று மணிக் கிளம்பலும், அதே குருணைப் பனியும், அதே முழங்கால் வலியும் கிடைக்கும். கறுப்புத் தடத்தில் இறங்கும் கால், பத்துப் பன்னிரண்டு கிலோ பையோடு 1,600 மீட்டர் ஏறியபின் உறைந்த அலைப்பனியில் எப்படித் திரும்புகிறது என்பதும் அங்கே தெரிந்துவிடும். மலையின் பெயரையும், எந்த வழி என்று யோசித்திருக்கிறீர்கள் என்பதையும், மூவரில் யாருக்குக் கயிற்று வேலை தெரியும் என்பதையும் எழுதினால், நேரக் கணக்கை உங்களுக்கென்று போட்டுத் தருகிறேன்.